இந்தியா–இலங்கை கேபிள் வந்தால் எங்கட கரண்ட் நிலைச்சு நிக்குமோ?

பரந்தன்_குஞ்சுப்பண்ணை:

எல்லாருக்கும் வணக்கம். நான் பரந்தன் பக்கம் சின்னதா ஒரு குஞ்சு பொரிக்கிற இடம் நடத்துறன். ரெண்டு மெஷின், ஒவ்வொண்டிலும் அறுநூறு முட்டை. எனக்குக் கரண்ட் எண்டால் வெளிச்சம் இல்லை, சூடு. 37.5 பாகையில இருபத்தொரு நாள் அசையாமல் நிக்கவேணும்.

2025 மாசி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கும். பகல் பதினொன்றரை போல நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை கிரிட் சப்ஸ்டேஷனில குரங்கு பட்டது எண்டு சொன்னவை. அண்டைக்கு என்ர ஒரு மெஷினில அஞ்சாம் நாள் முட்டை, மற்றதில பத்தொன்பதாம் நாள் முட்டை. ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் பட்டரி செத்துக் கிடந்தது. அஞ்சாம் நாள் முட்டைக்குச் சுடுதண்ணியைப் போத்தல்களில அடைச்சு உள்ளுக்கு வைச்சுக் கம்பளியால மூடினன். பத்தொன்பதாம் நாள் முட்டைக்கு அப்படிச் செய்யேலாது. உள்ளுக்கு இருக்கிற குஞ்சே சூட்டை விடும், காத்து இல்லாட்டில் அவிஞ்சு போகும். கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு சுளகால விசுக்கினன். நானும் மகளும் மாறி மாறிப் பொழுதுபடும் வரைக்கும் விசுக்கினம். அறுநூறில நானூறு சொச்சம்தான் பொரிச்சுது.

அதுக்குப் பிறகு சித்திரையில இந்தியாவோட கேபிள் போடுறதுக்குக் கொழும்பில ஒப்பந்தம் எழுதினவை. மதுரைப் பக்கத்தால வந்து மன்னாரால அநுராதபுரம் போகுமாம். என்ர கேள்வி மூண்டு. அந்தக் கேபிள் இருந்திருந்தால் அண்டைக்குக் கரண்ட் நிண்டிருக்குமோ? இந்தியாவில விழுந்தால் நாங்களும் சேர்ந்து விழுவமோ? தனுஷ்கோடியில இருந்து தலைமன்னார் முப்பது கிலோமீற்றர்தானே, ஏன் இவ்வளவு வருசம் இழுக்கேல்ல எண்டு என்ர கொழுந்தன் கேக்கிறான். தெரிஞ்ச ஆக்கள் விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ.


வெள்ளவத்தை_06:

அக்கா, அவசரப்பட்டுச் சந்தோசப்படாதீங்கோ. 2012 ஜூலையில இந்தியாவில 60 கோடிக்கு மேற்பட்ட சனம் இருட்டில இருந்தது. அந்தப் பெரிய கப்பலோட எங்கட வள்ளத்தைக் கட்டினால் அது தாழேக்க நாங்களும் தாழுவம். அதோட சுவிட்ச் அவையின்ர கையில. காசு கட்டப் பிந்தினால் நிப்பாட்டுவினம். பங்களாதேஷுக்கு நடந்ததுதானே. 2024 கடைசியில ஜார்க்கண்ட் கொட்டாவில இருக்கிற 1,600 மெகாவாட் நிலையத்தில இருந்து போற கரண்ட் நிலுவைப் பிரச்சினையால பாதியாக் குறைஞ்சது.


பழைய_ஷிஃப்ட்:

தங்கச்சி, நீங்கள் சுளகு வைத்து விசிறிய இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. நாங்கள் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து "இத்தனை மெகாவாட் போச்சு" என்று லாக் புக்கில் எழுதுவோம். அந்த மெகாவாட்டுக்குள் யார் வீட்டுக் குஞ்சு இருக்கிறது என்று எழுத அதில் இடம் கிடையாது.

நான் தமிழ்நாட்டில் 230 கே.வி. (கிலோவோல்ட்) சப்ஸ்டேஷன்களில் ஷிஃப்ட் பார்த்தவன். கடைசிப் பதினோரு வருடம் லோடு டெஸ்பாட்ச், அதாவது இருக்கிற கரண்டைத் தேவைக்கு ஏற்பப் பங்கிடும் வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஞாயிறு. கிரிட்டில், அதாவது நாடு முழுக்கப் பின்னிய மின்கம்பி வலையில், கரண்ட் சேர்த்து வைக்கப்படுவதில்லை. நீங்கள் சுவிட்ச் போடும் அதே நொடியில் எங்கோ ஒரு டர்பைன் அந்தப் பளுவைத் தோளில் வாங்குகிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் சுற்றுகிற மெஷின் நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது நொடிக்கு 50. நீர்மின் மெஷின்கள் மெதுவாகச் சுற்றினாலும் அவையும் அதே 50-க்குத் தாளம் தப்பாமல் ஓட வேண்டும். பளு கூடினால் எல்லாம் சேர்ந்து தளரும், குறைந்தால் எல்லாம் சேர்ந்து விரையும். அதைத்தான் ஃப்ரீக்வென்சி என்கிறோம்.

இதில் முக்கியம் சுற்றுகிற இரும்பின் எடை. நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒரு கல்லில் ஏறினால் குலுங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். வெறும் சைக்கிள் அதே கல்லில் கவிழும். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் ஆபீஸ் இல்லை, ஆலை இல்லை, கூரையெல்லாம் சோலார். சோலாரில் சுற்றுகிற எடை எதுவும் இல்லை. பெரிய மெஷின்களைக் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் குரங்கு வந்தது. எங்கள் சப்ஸ்டேஷன்களில் குரங்கு, அணில், காக்காய் எல்லாம் அடிக்கடி ட்ரிப் கொடுக்கும். ஒரு ஃபீடர் (ஊர்ப்பக்கம் கரண்ட் கொண்டுபோகும் லைன்) போகும், பறவையை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப சார்ஜ் செய்வோம். அன்று இலங்கையில் விழுந்ததற்குக் காரணம் குரங்கு என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. வண்டியில் மூட்டை இல்லை. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரை சோலாரைப் பகலில் அணைத்து வையுங்கள் என்று உங்கள் மின்சார சபை கேட்டுக்கொண்டதும் இதே பயத்தால்தான்.

அடுத்து உங்கள் கொழுந்தன் கேட்டது. முப்பது கிலோமீட்டர் கடலைத் தாண்ட சாதாரண ஏ.சி. கேபிளாலும் (வீட்டுக்கு வருகிற, திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) முடியும். தயக்கம் கடலில் இல்லை. ஏ.சி.யில் கட்டினால் இரண்டு கிரிட்டும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும். இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே மாதத்திலேயே 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. தமிழ்நாடு மட்டும் அதே மாதம் 20,830. இலங்கை முழுவதும் சேர்த்து 2,500 பக்கம். ஒற்றை லைனில் இவ்வளவு பெரியதையும் இவ்வளவு சிறியதையும் பூட்டினால் அந்த லைன் ஓயாமல் ஆடும், ஒரு பெரிய உலுக்கலில் அறுந்துவிடும். அதனால்தான் டி.சி. கேபிள், ஒரே திசையில் ஓடும் கரண்ட். இந்தப் பக்கம் ஒரு கன்வர்ட்டர் ஏ.சி.யை டி.சி. ஆக்கும், அந்தப் பக்கம் இன்னொன்று திரும்ப ஏ.சி. ஆக்கும். தாளம் அவரவருடையது, பண்டமாற்று மட்டும் நடக்கும்.

வெள்ளவத்தைத் தம்பி சொன்ன 2012 எனக்கு நன்றாகத் தெரியும். அன்று நான் ஷிஃப்டில் இருந்தேன். ஜூலை 31, மதியம் 1 மணி. முந்தின நாள் விடிகாலைதான் வடக்கு கிரிட் விழுந்து எழுந்திருந்தது. சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தேன், எதிரே சுவரில் இருந்த சிவப்பு எழுத்து மீட்டர் 50-ல் இருந்து நழுவ ஆரம்பித்தது. 49.6, 49.3. எழுந்து நிற்பதற்குள் 49-க்குக் கீழே. ஒரிசா தால்ச்சரிலிருந்து கோலாருக்கு வரும் டி.சி. லைனில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் காணாமல் போயிருந்தது. ரிலே என்னும் காவல் கருவிகள் தானாகவே ஃபீடர்களை வெட்டத் தொடங்கின. கை வைக்க நேரமே இல்லை. பிறகு மீட்டர் நின்றது, மெல்ல மேலே ஏறியது. பி.எல்.சி.சி. போனை எடுத்தேன். மின்சாரக் கம்பி வழியாகவே பேசுகிற போன் அது, எப்போதும் ஒரு சீறல் சத்தம் இருக்கும். மறுமுனையில் ஒருவர் சொன்னார்: "நார்த், ஈஸ்ட், நார்த் ஈஸ்ட் மூணும் போச்சு சார். நாம நிக்கறோம்."

நாங்கள் நின்றதற்குக் காரணம் அன்று தெற்கு கிரிட் வடக்கோடு டி.சி. வழியாக மட்டும் இணைந்திருந்ததுதான். ஆகவே தம்பி, டி.சி.யில் கட்டினால் பெரிய கப்பல் தாழும்போது வள்ளமும் கூடவே தாழாது. ஆனால் அந்த வழியாக வந்துகொண்டிருந்த கரண்ட் ஒரே நொடியில் போய்விடும். அந்த ஓட்டையை அடைக்க உங்களிடம் ஆள் இருக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கம்பி இழுப்பது வேலையில் பாதிகூட இல்லை.

தொண்ணூறுகளில் தெற்கு மாநிலங்கள் நான்கும் ஒரே ஏ.சி. கிரிட்டில்தான் இருந்தோம். கம்பியில் குறை இல்லை. ஆனால் ஃப்ரீக்வென்சி 48.5-க்குக் கீழே போய் அங்கேயே படுத்துக் கிடக்கும். காரணம் எளிது. ஒவ்வொருவரும் பங்கைவிட அதிகமாக இழுத்தோம், வெட்ட வேண்டியது பக்கத்து வீட்டுக்காரன் என்று இருந்தோம். ஒரு இரவு பக்கத்து மாநிலக் கண்ட்ரோல் ரூமுக்கு நான் ஏழு தடவை போன் போட்டேன். எட்டாவது தடவை எடுத்தவர் "முதலில் நீங்கள் வெட்டுங்கள்" என்றார். நான் வெட்டவில்லை. எனக்கு மேலே இருந்தவர் வெட்டாதே என்று சொல்லியிருந்தார். அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கிணற்று மோட்டார் மெதுவாகச் சுற்றும், நூல் மில்லில் ஸ்பிண்டில் வேகம் குறையும். கோயம்புத்தூர் மில்காரர்கள் உற்பத்திக் கணக்கை வைத்தே நேற்று ராத்திரி எவ்வளவு விழுந்தது என்று சொல்வார்கள்.

2003 ஜனவரி 1-ல் தெற்கே ஒரு புது விதி வந்தது. சொன்ன அளவுக்கு மேல் இழுத்தால் அந்தக் கூடுதல் யூனிட்டின் விலை அந்த நேரத்து ஃப்ரீக்வென்சியைப் பொறுத்தது. 50-ல் இருந்தால் மலிவு, 49-க்குப் போனால் கொள்ளை விலை. கால் மணி நேரத்துக்கு ஒரு கணக்கு. அந்த விதிக்காக ஒரு கம்பிகூடப் புதிதாகப் போடவில்லை, ஒரு மெஷின்கூட வாங்கவில்லை. சில மாதங்களில் மீட்டர் நேராக நிற்க ஆரம்பித்தது. முன்பு வெட்டாதே என்று சொன்னவர்களே இப்போது "இன்னும் ஏன் இழுத்துக்கொண்டிருக்கிறாய், வெட்டு" என்று போன் செய்தார்கள். என் முப்பத்து மூன்று வருடத்தில் நான் பார்த்த பெரிய நவீனமாக்கல் அதுதான். அந்த ஒழுங்கு வந்த பிறகுதான் தெற்கையும் மற்ற இந்தியாவையும் ஏ.சி.யில் சேர்க்கும் தைரியம் வந்தது. 2013 டிசம்பர் 31 இரவு 8.25-க்கு ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைனைப் பூட்டினார்கள்.

அந்தப் பூட்டும் வேலையைச் சிறிய அளவில் நானே பலமுறை செய்திருக்கிறேன். சிங்க்ரோஸ்கோப் என்று ஒரு வட்ட மீட்டர், கடிகாரம் மாதிரி ஒரே முள். இரண்டு பக்கத்துத் தாளமும் வேறாக இருந்தால் முள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்து ஆள் மெஷினைக் கொஞ்சம் குறைப்பார், இந்தப் பக்கம் கொஞ்சம் ஏற்றுவோம், முள் சோம்பலாக நகரும். பன்னிரண்டைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் பிரேக்கரை, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பெரிய சுவிட்சை, போட வேண்டும். போன் காதில் இருக்கும். மறுமுனையில் இருப்பவர் சொல்வதை நம்பாமல் அந்தக் கைப்பிடியைத் திருப்ப முடியாது.

ஐரோப்பாவில் இதே பாடம். 2006 நவம்பர் 4 இரவு, ஜெர்மனியில் எம்ஸ் ஆற்றில் ஒரு பெரிய கப்பல் போவதற்காக ஆற்றைக் கடக்கும் 380 கே.வி. லைனை அணைத்தார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு என்று இருந்ததை மூன்று மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள், பக்கத்து நிறுவனங்களுக்குத் தாமதமாகச் சொன்னார்கள். பளு வேறொரு லைனில் போய் ஏறியது. அந்த லைனின் இரண்டு முனையும் இரண்டு நிறுவனங்களுடையது. ஒரு முனையில் ரிலே 3,000 ஆம்பியருக்கு வெட்டும், மறுமுனையில் 2,100-க்கே வெட்டிவிடும். ஒரே கம்பி, இரண்டு அளவு. அணைத்தவர்கள் மறுமுனையின் அளவை வைத்துக் கணக்குப் போடவில்லை. அந்த லைன் விழுந்தது, ஐரோப்பிய கிரிட் மூன்று துண்டானது, ஒன்றரைக் கோடி வீடுகள் இருண்டன. ஆள் குறைவில்லை, பணம் குறைவில்லை. ஒரு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கும்.

2018 தொடக்கத்தில் இன்னொன்று. கோசோவோவுக்கும் செர்பியாவுக்கும் யார் கணக்கைச் சமன் செய்வது என்று தகராறு. குறைந்துபோன கரண்டை யாரும் ஈடுகட்டவில்லை. போர்ச்சுகல் வரைக்கும் 25 நாடுகளில் அடுப்பு, சுவர்க் கடிகாரம் எல்லாம் ஆறு நிமிடம் வரை பின்தங்கின, அவை கிரிட்டின் தாளத்தை எண்ணித்தான் நேரம் காட்டுகின்றன. ஒருவர் கணக்கில் நேர்மை தவறினால் அது அடுத்தவர் சமையலறை வரை போய்ச் சேரும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு: அந்த ஞாயிறு கேபிள் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா? காப்பாற்றியிருக்கலாம். இப்போது வரும் புதுவகைக் கன்வர்ட்டர், எங்கள் புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் ஓடுகிறதே அந்த வகை, ஃப்ரீக்வென்சி சரிவதைப் பார்த்துக் கண் இமைக்கும் நேரத்தில் கரண்டைத் தள்ளும். முழுவதும் இருண்ட கிரிட்டைத் திரும்ப எழுப்பவும் அதனால் முடியும். ஆனால் எவ்வளவு தள்ள வேண்டும், எத்தனை நொடிக்கு, அதற்கு என்ன விலை என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாததை அது செய்யாது. பாணந்துறையில் ரிலே வெட்டும்போது டில்லிக்கு போன் போட்டுக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.


தாலின்_நெல்லை:

ஐயா எழுதினதைப் படிச்சதும் ஒண்ணு சொல்லியே ஆகணும்னு தோணுச்சு. நான் எஸ்டோனியாவுல இருக்கேன், சொந்த ஊர் பாளையங்கோட்டை. அக்கா, நீங்க சொல்ற அதே 2025 பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமைதான் எங்க நாடு ஐரோப்பா கிரிட்டோட சேர்ந்துச்சு.

எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா மூணும் சோவியத் காலத்துல இருந்து ரஷ்யா, பெலாரஸ் கூட ஒரே தாளத்துல ஓடுன நாடுங்க. 8-ஆம் தேதி சனிக்கிழமை காலையில அந்த லைன்களை வெட்டுனாங்க. ஒரு நாள் முழுக்க மூணு சின்ன நாடும் தனியா, தங்க ஃப்ரீக்வென்சியைத் தாங்களே பிடிச்சு நின்னுச்சு. ஞாயிறு மதியம் ரெண்டு மணி வாக்குல போலந்து வழியா ஐரோப்பாவோட பூட்டுனாங்க. நான் பாட்டில்ல தண்ணி பிடிச்சு வச்சேன், பவர் பேங்க் சார்ஜ் போட்டேன். வெளிய உறைபனி, ஹீட்டர் நின்னா தாங்காது. வீட்டுக்காரப் பாட்டி மெழுகுவத்தி கொண்டுவந்து குடுத்தாங்க. ஒண்ணுமே நடக்கல. ராத்திரி முழிச்சுப் படுத்துக்கிட்டு ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தேன்.

ஐயா சொன்ன மாட்டுவண்டி மூட்டை இருக்கே, அதைத்தான் இவங்க முன்னாடியே ஏத்தி வச்சிருந்தாங்க. சிங்க்ரனஸ் கண்டென்சர்னு ஒரு மெஷின். கரண்ட் உற்பத்தி பண்ணாது, பெரிய இரும்பு உருளை சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், எடையைக் குடுக்க மட்டும். நாட்டுக்கு மூணா மொத்தம் ஒன்பது போடுறதா திட்டம். போலந்து லைன் 2015-லயே போட்டுட்டாங்க. அதுல தாளத்தைப் பூட்டப் பத்து வருசம் ஆச்சு.

கேபிளை நம்புறதைப் பத்தியும் ஒண்ணு. 2024 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பின்லாந்துக்கும் எங்களுக்கும் நடுவுல இருக்கிற எஸ்ட்லிங்க் 2 கேபிள், 650 மெகாவாட், அறுந்துச்சு. ஒரு எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கிட்டுப் போனதுதான் காரணம்னு விசாரணை நடந்துச்சு. சரிபண்ண அடுத்த ஜூன் ஆயிருச்சு. இன்னொரு கேபிள், 350 மெகாவாட், தனியா இருந்ததால சமாளிச்சாங்க. ஆறு வாரத்துல பெரிய மாற்றம் வருதுன்னு தெரிஞ்சும் தேதியைத் தள்ளிப் போடல. பாக் நீரிணை இதைவிட ஆழம் குறைவு. அங்க நங்கூரமும் இழுவைமடி வலையும் எவ்வளவு ஓடுதுன்னு அக்காவுக்கே தெரியும்.


பரந்தன்_குஞ்சுப்பண்ணை:

தம்பி, அதே நாளோ! நான் சுளகோட நிண்ட நாளையொட்டித்தான் நீங்கள் ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறீங்கள். உங்கட நாடு தயார்ப்படுத்தி நிண்டிருக்கு எண்டு நினைக்க மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு.

இழுவைமடியைப் பற்றிச் சொன்னது சரி. என்ர மாமா மன்னார் பேசாலையில மீன்பிடித் தொழில் செய்யிறவர். இழுவைமடி போன இடத்தில வலையே மிஞ்சாது, கேபிளைப் புதைக்காமல் விட்டால் ஒரு வருசம் தாங்காது எண்டு சொல்லுறார்.

ஐயா, உங்களிட்ட இன்னொண்டு. கேபிளால வாற கரண்ட் திடீரெண்டு நிண்டால் என்ன நடக்கும் எண்டு எங்கையாவது பாத்திருக்கினமோ? அதோட நான் என்ர பக்கத்தில என்ன செய்யலாம்?


பழைய_ஷிஃப்ட்:

பார்த்திருக்கிறார்கள், தங்கச்சி. பங்களாதேஷில். மேற்கு வங்கம் பஹரம்பூரிலிருந்து பேராமாரா கன்வர்ட்டர் வழியாக 2013 அக்டோபரில் 500 மெகாவாட் போக ஆரம்பித்தது. பதிமூன்றே மாதம். 2014 நவம்பர் 1, காலை பதினொன்றரை மணி வாக்கில் அந்த இணைப்பு ட்ரிப் ஆனது. அப்போது அதில் 400 மெகாவாட்டுக்கு மேல் வந்துகொண்டிருந்தது, அந்த நேரத்துத் தேவையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. உள்நாட்டு நிலையங்களால் அந்த ஓட்டையை அடைக்க முடியவில்லை. ஃபீடர்களை வெட்டியது போதவில்லை. மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி நாடு முழுக்க இருண்டது. நீங்கள் வெறுங்கையோடு நின்ற மாதிரி அன்று டாக்காவில் எத்தனை பேர் நின்றார்களோ.

அவர்கள் அதற்காக இணைப்பைப் பிடுங்கிப் போடவில்லை. 2018-ல் இன்னொரு 500 சேர்த்தார்கள். நேபாளத்து ஆற்று மின்சாரம் 40 மெகாவாட் இந்தியக் கம்பி வழியாக 2024 நவம்பரில் அவர்களுக்குப் போனது, மூன்று நாடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில். 40 என்பது சின்னத் தொகைதான். ஆனால் நடுவில் இருக்கும் நாடு தன் கம்பியை வாடகைக்கு விட்டு, மூன்று கண்ட்ரோல் ரூமும் ஒரே அட்டவணையில் உட்காருவது இந்தப் பக்கத்தில் அதற்கு முன் நடக்காத காரியம். நேபாளத்தில் ஒரு காலத்தில் நாளுக்கு 16 மணி நேரம் வெட்டு இருந்தது. இன்று மழைக்காலத்தில் விற்கிறார்கள், குளிர்காலத்தில் ஆறு வற்றும்போது இந்தியாவிடம் வாங்குகிறார்கள். விற்பதும் வாங்குவதும் இரண்டு பக்கமும் இருந்தால் சுவிட்ச் ஒருவர் கையில் மட்டும் இருக்காது. வெள்ளவத்தைத் தம்பியின் பயத்துக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான்.

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மன்னார் காற்றாலையும் எங்கள் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்றில்தான் சுற்றுகின்றன. உங்களுக்கு மிஞ்சும் மாதத்தில் எங்களுக்கும் மிஞ்சும். சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கேற்றும் நேரமும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆகவே "மன்னார்க் காற்றைத் தமிழ்நாட்டுக்கு விற்போம்" என்று மட்டும் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். அந்த நேரத்தில் காற்று இல்லாத வடக்கு மாநிலம் வரை அது போக வழி இருக்க வேண்டும். எங்கள் புகளூரிலிருந்து சத்தீஸ்கர் ராய்கருக்கு 6,000 மெகாவாட் டி.சி. லைன் இருக்கிறது. தெற்கே காற்று மிஞ்சும்போது அது தலைகீழாக வடக்கே ஓடும். அதுவரை சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் கேபிளுக்கு முழு அர்த்தம்.

நான் கொழும்பில் உட்கார்ந்து பேசுகிறவனாக இருந்தால் விலைக்கு முன்னால் மூன்றைக் கேட்பேன். ஒற்றை 500 மெகாவாட் கேபிளாக இல்லாமல் இரண்டாகப் பிரித்துப் போடு, ஒன்று போனால் மற்றது நிற்க. இரவில் தேவை குறைந்த நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வை. உங்களுடைய பெரிய மெஷின் ஒன்று 300 மெகாவாட், அது விழுந்தாலே ஆட்டம் காண்கிற கிரிட் 500 விழுந்தால் தாங்காது. மூன்றாவது, இரண்டு கண்ட்ரோல் ரூம் ஆட்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பயிற்சி எடுக்கட்டும். அநுராதபுரத்து ஷிஃப்ட் ஆளுக்கு மதுரை ஷிஃப்ட் ஆளின் குரல் பழகியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கக்கூடிய சர்வதேச இணைப்பு இது. அதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உங்கள் பக்கம்: சின்ன டிஜிட்டல் ஃப்ரீக்வென்சி மீட்டர் ஒன்று பேனல் போர்டில் மாட்டும் வகையில் கிடைக்கும், விலை அதிகமில்லை. எலக்ட்ரீஷியனைக் கொண்டு மெஷின் அறையில் பொருத்துங்கள். ஜெனரேட்டர் பட்டரிக்குத் தனிச் சார்ஜர் போட்டு எப்போதும் ஒட்டி வையுங்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு. அந்த ஆபத்தான நடுப்பகலுக்கு முன்னால் அது ஓடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.


பரந்தன்_குஞ்சுப்பண்ணை:

ஐயா, மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன். மீட்டர் பூட்டியாச்சு, மெஷினுக்கு மேல, வெப்பமானிக்குப் பக்கத்தில. மகள் கொப்பி ஒண்டில எழுதி வைக்கிறாள். போன ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு 50.3 காட்டினது. பின்னேரம் ஏழு மணிக்கு 49.7. திங்கள் விடிய 50.0. முந்தி மோட்டர் சத்தம் மாறேக்க மெஷினில பிழை எண்டு நினைச்சிருக்கிறன். இப்பதான் விளங்குது, அது நாட்டின்ர மூச்சு.

ஜெனரேட்டர் ரெண்டு ஞாயிறும் முதல் இழுவையிலயே வந்தது. இண்டைக்கு பதினெட்டாம் நாள், முட்டையளைக் கீழ்த்தட்டுக்கு மாத்தினனான்.

ஒண்டு மட்டும் கேக்கவேணும். மீட்டர் 49.5க்குக் கீழ போனால் உடன ஜெனரேட்டரைப் போடட்டோ, கொஞ்சம் பொறுத்துப் பாக்கட்டோ?


பழைய_ஷிஃப்ட்:

பொறுக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிடுங்கள். மெஷினை அதற்கு மாற்ற வேண்டாம், சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் 49.8-க்கு மேல் வந்து நின்றால் அணைத்துவிடலாம். லைன் கரண்ட் போய்விட்டால் அந்த நொடியே திருப்புங்கள். பதினெட்டாம் நாளிலிருந்து மூன்று நாளைக்கு இதை மகளுக்கும் காட்டிக் கொடுத்து வையுங்கள்.